பரிசு பிறகு, பதவி முதலில்!

(ஆயக்குடியில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வைப் பற்றிப் பேச நாம் கூடுவதுண்டு. போனஸ், நிலம், ரேஷன் என்று பேசக் கூடுவதுண்டு. இன்று வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கும் நம் குடிசைக்கும் நடுவே நடக்க வேண்டிய ஒரு சிப்பந்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவருக்குப் பள்ளிச் சமூகப் பணியாளர் என்று பெயர்.

இந்தப் பெயரைக் கேட்டிராதவர்களே இங்கே அதிகம் இருப்பீர்கள். அதில் ஆச்சரியமில்லை. நமது மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில், பள்ளிக்கு ஒருவர் என்று இப்படி ஒரு நிரந்தரப் பதவி ஏற்படவே இல்லை. இந்தச் சிப்பந்திகளுக்குக் கிடைக்க வேண்டிய விருதுகளைப் பற்றியும், இந்த வேலைக்குப் படிப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டிய உபகாரச் சம்பளத்தைப் பற்றியும்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். "ஆளே இல்லாத வேலைக்கு விருது என்ன, உபகாரச் சம்பளம் என்ன?" என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் நமது நோக்கம்.

இவர் செய்யும் வேலை என்ன?

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் பெண். அம்மா விடியும் முன்னே கொய்யாத் தோப்புக்குக் காய் பறிக்கப் போகிறாள். அப்பா மில்லில் இரவு ஷிப்டு முடிந்து வந்து படுக்கிறார். கைக்குழந்தை ஒன்று தொட்டிலில் கிடக்கிறது. அதை யார் பார்ப்பது? எட்டாம் வகுப்புப் பெண்தான் பார்க்கிறாள். முதலில் வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கு மட்டம். பிறகு இரண்டு நாள். பிறகு, "பத்து நாளாக வரவில்லை, இனி எப்படிப் போவது, வாத்தியார் திட்டுவாரே" என்ற பயம். ஒரு மாதம் கழிகிறது. அடுத்த வருஷம் ஒரு புரோக்கர் வீட்டுக்கு வருகிறார். "மில்லில் சேர்த்துவிடுங்கள், தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு, கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு" என்கிறார். வாசலில் வேன் வந்து நிற்கிறது. பெண் போய்விடுகிறாள்.

இது கற்பனையல்ல என்று உங்களுக்குத் தெரியும். திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்றும், கேம்ப் கூலி என்றும் பேர் வைத்து இளம் பெண்களை அடைத்து வேலை வாங்கிய கதை உலகம் அறிந்த கதை. 2011இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் வானத்திலிருந்து மில் விடுதிக்குள் குதிக்கவில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து ஆஜர்ப் பட்டியலிலிருந்துதான் ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

அந்தப் பெண் பத்து நாள் வராதபோது, அவள் வீட்டுக் கதவைத் தட்டியது யார்? வாத்தியாரா? அவர் முன்னால் நாற்பது பிள்ளைகள். அவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும், பரீட்சை வைக்க வேண்டும், கணினியில் விவரம் ஏற்ற வேண்டும், தேர்தல் வேலைக்குப் போக வேண்டும். அவர் மனசு வைத்தாலும் நேரமில்லை. கதவைத் தட்டியவர் புரோக்கர் ஒருவர்தான்.

புரோக்கர் வருவதற்கு முன்னால் அந்தக் கதவைத் தட்டுவதற்கென்றே ஒருவர் வேண்டும். பெண் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். கைக்குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அப்பாவுக்கு வருமானச் சான்றிதழ் வாங்க வழி சொல்ல வேண்டும். வீட்டில் குடியும் அடியும் இருந்தால் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும். பதினைந்து வயதில் கல்யாணப் பேச்சு எடுத்தால் தடுக்க வேண்டும். பள்ளிக்குத் திரும்பி வரும் பெண்ணை யாரும் இழிவாகப் பேசாமல் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் பள்ளிச் சமூகப் பணி. இது வெறும் நல்ல மனசால் மட்டும் நடக்கிற காரியமல்ல. சட்டம் தெரிய வேண்டும், குழந்தை மனசு தெரிய வேண்டும், எந்த ஆபீசில் எந்தக் காகிதம் என்பது தெரிய வேண்டும். ரிங் பிரேமில் நிற்கப் பழக்கம் வேண்டியதைப் போல, இதற்கும் பயிற்சி வேண்டும்.

முதலாளித்துவ நாட்டில் எப்படி வந்தது?

இந்த வேலை முதன்முதலில் தலையெடுத்தது அமெரிக்காவில். 1906, 1907ஆம் ஆண்டுகளில் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு என்ற மூன்று நகரங்களில் தொடங்கியது. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழைகளின் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கு வருவதும் நிற்பதுமாக இருந்தார்கள். தொழிற்சாலை அவர்களை இழுத்தது. அப்போது சில பெண்கள் பள்ளியிலிருந்து புறப்பட்டு வீடு வீடாகப் போனார்கள். வீடு தேடிச் செல்லும் ஆசிரியை என்பது அவர்களுக்கு வந்த பெயர். ஆரம்பத்தில் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவை தரும ஸ்தாபனங்களும் மாதர் சங்கங்களும். 1913இல் ராச்செஸ்டர் நகரத்துக் கல்வி போர்டு இந்த வேலையைத் தன் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1916இல் இந்த ஆசிரியைகள் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் கண்டார்கள். 1920களில் ஒரு பெரிய அறக்கட்டளை முப்பது ஊர்களில் இந்த வேலையை நடத்திக் காட்டப் பணம் கொடுத்தது.

இன்று அங்கே இந்தத் தொழிலுக்கு ஒரு நாடு தழுவிய சங்கம் உண்டு. அது 1994இல் ஏற்பட்டது. மாநிலங்கள் தோறும் சங்கங்கள் உண்டு. ஆண்டின் சிறந்த பள்ளிச் சமூகப் பணியாளர் என்று வருஷா வருஷம் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கிறார்கள். இந்தத் தொழிலுக்குப் படிக்கும் மாணவர்களுக்குப் பல சங்கங்கள் உபகாரச் சம்பளமும் தருகின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் வேலை வந்தது. பிறகு அரசாங்க போர்டு அதற்குச் சம்பளம் தந்தது. பிறகு சங்கம் வந்தது. விருதும் உபகாரச் சம்பளமும் அதற்கப்புறம் வந்தன. அமெரிக்காவைப் பார்த்து நாம் எல்லாவற்றையும் பழக வேண்டியதில்லை. அங்கேயும் ஏழைப் பிள்ளைக்கு எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் இந்த வரிசை சரியான வரிசை.

நம் நாட்டில் நடந்தது என்ன?

நம் நாட்டில் இந்தப் படிப்புக்குக் குறையில்லை. 1936இலேயே பம்பாயில் டாட்டா பேரில் சமூகப்பணிப் பள்ளி ஏற்பட்டது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் தொடங்கியது. மதுரையிலும் சமூகப்பணிக் கல்லூரி உண்டு. ஆண்டுதோறும் படித்துப் பட்டம் வாங்கி வெளியே வருகிறார்கள். எங்கே போகிறார்கள்? பலர் கம்பெனிகளில் சிப்பந்தி நிர்வாக வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சிலர் தொண்டு ஸ்தாபனங்களில் திட்டம் இருக்கும் வரை வேலை பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வர வாசல் இல்லை.

பள்ளிக்கூடத்தில் இந்த வேலையே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. வேலை நடந்திருக்கிறது. செய்தவர்களுக்குப் பதவி மட்டும் இல்லை.

1988இல் மத்திய சர்க்கார் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிவகாசித் தீப்பெட்டிப் பிள்ளைகள் அதன் முதல் கவலைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. தறியிலிருந்தும் பட்டறையிலிருந்தும் பிள்ளைகளை மீட்டு, எழுத்தறிவித்து, சாதாரணப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் தொகுப்பூதியக்காரர்கள். 2021இல் அந்தத் திட்டம் தனியாக இல்லாமல், சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது.

2012இல் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி சொல்லிக் கொடுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அமர்த்தினார்கள். மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை தெருவுக்கு வந்தார்கள் என்பது பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் எழுத்தை மறந்தார்கள். 2021 அக்டோபரில் மாநில சர்க்கார் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். எந்தப் பிள்ளை வேலைக்குப் போகிறது, எந்தப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியான அவளுக்குத்தானே முதலில் தெரியும்? அவளுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய்.

இது எதைக் காட்டுகிறது? வேலை உண்டு, ஆள் உண்டு, தேவையும் உண்டு. ஆனால் அதைச் சேவை என்றும், தன்னார்வம் என்றும், தியாகம் என்றும் சொல்லிக் கூலியைக் குறைத்துவிடுகிறார்கள். பெண் செய்கிற வேலையென்றால் இந்தப் புகழ்மாலை இன்னும் கனமாக விழுகிறது. அங்கன்வாடித் தாய்மாருக்கும் சத்துணவுத் தாய்மாருக்கும் இந்தக் கதை புதிதல்ல.

விருதுகளின் கதை

இனி விருதுகளுக்கு வருவோம். ஆசிரியர்களுக்குத் தேசிய விருது 1958இல் ஏற்பட்டது. செப்டம்பர் 5ஆம் தேதி டில்லியில் ராஷ்டிரபதி கையால் தருகிறார்கள். மாநில சர்க்காரும் அதே நாளையொட்டி டாக்டர் ராதாகிருஷ்ணன் பேரில் நல்லாசிரியர் விருது தருகிறது. 1979ஆம் ஆண்டில், சர்வதேசக் குழந்தைகள் ஆண்டையொட்டி, குழந்தைகள் நலத்துக்கென்று ஒரு தேசிய விருது ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 2012 முதல் மாதர் சேவைக்கு ஔவையார் பேரில் விருது உண்டு. நல்லது. உழைத்தவரைப் பாராட்டுவதை நாம் ஒருபோதும் குறை சொல்லமாட்டோம்.

பெரிய விருதுகளும் இந்த வேலைக்கு வந்ததுண்டு. ஆந்திராவில் எம்.வி. பவுண்டேஷன் மூலமாகக் கிராமத்துப் பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்த சாந்தா சின்ஹா அம்மையாருக்கு 2003இல் மகசேசே விருது கிடைத்தது. பள்ளிக்கு வெளியே இருக்கும் எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளிதான் என்பது அவர்களுடைய கொள்கை. கிராமத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வீடு வீடாகப் போனதால்தான் அந்தக் காரியம் நடந்தது. விருது ஒரு பேருக்கு வந்தது. அதில் தப்பில்லை. நடந்தவர்களை நாடு மறந்துபோனதுதான் தப்பு.

நமது திண்டுக்கல் சீமையிலேயே உதாரணம் உண்டு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார் 1926இல் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சர்வோதய வழியில் போனவர். நமது வழி வேறு. ஆயினும் கூலிக்காரப் பெண்களுக்கு நிலம் கிடைக்க அவர் பட்ட பாட்டை மறைக்க முடியாது. 2008இல் ஸ்வீடனில் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020இல் பத்மபூஷண். கூலிக்காரர் வீட்டுப் பெண் எப்படி இவ்வளவு தூரம் வந்தார்? அந்தக் காலத்தில் அவருக்குப் படிப்பு கிடைத்தது. அந்தப் பெண்ணுக்குப் படிப்பு கிடைக்காமல் போயிருந்தால், எண்பது வயதுக்கு மேல் வந்த விருது எந்தக் கழுத்துக்குப் போயிருக்கும்?

காந்திகிராமம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1947இல் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் அதைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களைச் சேவிகைகளாகப் பயிற்றுவிப்பது அம்மையாரின் முக்கிய வேலைகளில் ஒன்று. 1962இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. அதே ஆண்டில் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்குப் போய், கல்வித் துறையின் உதவி மந்திரியானார். விருது பெற்றவரை நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவர் பயிற்றுவித்த சேவிகைகளின் பேரைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் யாருக்குத் தெரியும்?

விருது கடந்துபோன உழைப்பைப் பார்க்கிறது. உபகாரச் சம்பளம் இனி வரப்போகும் உழைப்பைப் பார்க்கிறது. பதவிதான் இன்றைய உழைப்பைப் பார்க்கிறது. இந்த மூன்றும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்ற இரண்டையும் மறைத்தால் அது மோசடி.

உபகாரச் சம்பளம் யாருக்கு எட்டுகிறது?

உபகாரச் சம்பளத்தை இப்போது உதவித்தொகை என்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கென்று சட்டத்திலும் திட்டத்திலும் சிலது உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தேர்வு எழுதி வெற்றி பெற்றால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மில் தொழிலாளியின் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தில் கல்வி உதவி உண்டு. விவசாயத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய்.

இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் கூர்ந்து பாருங்கள். கல்லூரி வாசலில் 1,000 ரூபாய் காத்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் தொட்டிலாட்ட நின்றுவிட்ட பெண் அந்த வாசலுக்கு எப்படிப் போவாள்? தேர்வு எழுதினால் 12,000 ரூபாய். தேர்வு உண்டு என்பதைத் தோப்பில் காய் சுமக்கிற அம்மாவுக்கு யார் சொல்வது? வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார், பேங்குக் கணக்கு என்று ஒரு நாள் கூலியை இழந்து அலைய வேண்டும். ஒரு காகிதம் குறைந்தால் இன்னொரு நாள் கூலி போகும். பணம் சர்க்காரிடம் இருக்கிறது, உரிமை நம்மிடம் இருக்கிறது, நடுவில் பாலம் இல்லை. அந்தப் பாலம்தான் பள்ளிச் சமூகப் பணியாளர்.

டெலிபோன் எண்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. பள்ளிக் கல்வி விவரத்துக்கு 14417. தாய்மார்கள் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உபயோகமானவை. 1098 என்பதே 1996இல் பம்பாயில் சமூகப்பணிக் கல்லூரியின் முயற்சியில் பிறந்ததுதான். ஆனால் பேச வாயில்லாத குழந்தை எந்த எண்ணைச் சுழற்றும்? எண் வீட்டுக்கு வராது. ஆள்தான் வர வேண்டும்.

சரி, அந்த ஆளாக நம் பெண்ணே வர முடியாதா? மில் தொழிலாளியின் மகள், கொய்யாத் தோப்புக் கூலியின் மகள் சமூகப்பணிப் பட்டம் படித்து, நம் ஊர்ப் பள்ளிக்கே வந்தால் எப்படி இருக்கும்? அவளுக்கு இந்த வாழ்க்கையைப் பாடப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. இங்கேதான் உபகாரச் சம்பளம் வருகிறது. பட்டம் வாங்கிய பின் இரண்டு வருஷ மேல்படிப்பு. அதில் களப்பணி கட்டாயம். களப்பணி என்றால் பஸ் சார்ஜ், வெளிச் சாப்பாடு, தங்குமிடம். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மேல்படிப்பு உதவித்தொகை உண்டு. ஆனால் அதைக் கொண்டு கட்டணத்தைச் சமாளித்தாலும் இரண்டு வருஷம் வருமானமில்லாமல் வீட்டைத் தாங்குவது யார்? படித்து முடித்தால் வேலை உண்டா என்று அப்பா கேட்பார். பதவியே இல்லாதபோது என்ன பதில் சொல்வது? ஆகவேதான் சொல்கிறோம்: பதவி இல்லாமல் உபகாரச் சம்பளம் பயன்படாது.

சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, கொள்கையிலும் எழுதிவிட்டார்கள்

2020இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்குப் பல சண்டைகள் உண்டு. அந்தக் கொள்கையிலேயே, பிள்ளைகள் இடைநிற்காமல் இருக்கப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் மாணவர்களோடும் பெற்றோர்களோடும் வேலை செய்வார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் சம்பளம் யார் தருவது என்று எழுதவில்லை. எழுதாததோடு நிற்கவில்லை. கொள்கையை ஏற்கவில்லை என்ற சண்டையில், 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பணத்தில்தானே ஒப்பந்தச் சிப்பந்திகளுக்குச் சம்பளம்?

2025 ஜூலை 25ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்த ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கு அது. நாடு முழுவதும் உள்ள கல்வி நிலையங்களுக்குக் கோர்ட் சில கட்டளைகள் இட்டது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதியுள்ள ஆலோசகர், மனநல நிபுணர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்பது அதில் ஒன்று. சர்க்கார் பள்ளியும் அதில் அடக்கம், தனியார் பள்ளியும் அடக்கம்.

தோழர்களே, இந்த ஊரில் 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளி எது என்று எண்ணிப் பாருங்கள். பழனியில் எண்ணுங்கள், ஒட்டன்சத்திரத்தில் எண்ணுங்கள். அத்தனை இடத்திலும் ஒரு பதவி நமக்கு வர வேண்டியிருக்கிறது. கோர்ட் சொன்னால் தானாக நடந்துவிடும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் புத்தகத்தில் வந்த பிறகும், கூலியை வாங்கியது சங்கம்தான் என்பது நமக்குத் தெரியாதா?

சில சந்தேகங்கள்

நம்மவர்களிடையே சில கேள்விகள் எழுகின்றன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை.

"வயிற்றுக்குப் போதாத கூலி இருக்கும்வரை, சமூகப் பணியாளர் வந்து என்ன செய்வார்?" இது நியாயமான கேள்வி. கூலியை அவர் உயர்த்த முடியாது. அது நமது வேலை. அவர் வந்துவிட்டார் என்று சங்கத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் கூலிப் போராட்டம் வெற்றி பெறும் வரை எட்டாம் வகுப்புப் பெண் காத்திருக்கமாட்டாள். அவள் வயசு காத்திருக்காது. இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

"வீட்டு விஷயத்தில் வெளியாள் தலையிடலாமா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். புரோக்கர் தலையிடும்போது நாம் காப்பி கொடுத்து உட்கார வைக்கிறோமே! பிள்ளையின் படிப்புக்காக வருகிறவரை வாசலில் நிறுத்தலாமா?

"பதினான்கு வயசுக்குக் கீழே வேலை செய்யக் கூடாது என்று சட்டம்தான் இருக்கிறதே!" இருக்கிறது. 1986 சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்திலேயே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு பின்வாசலைத் திறந்து வைத்தார்கள். பின்வாசல் வழியாகப் போகும் பிள்ளையை யார் கண்டுபிடிப்பது? மறுபடியும் வீட்டுக்கு வரும் ஒரு ஆள்தான்.

நாம் கேட்பது என்ன?

முதலாவதாக, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சமூகப் பணியாளர் என்ற நிரந்தரப் பதவி வேண்டும். காலமுறைச் சம்பளம் வேண்டும். தொகுப்பூதியம், ஒப்பந்தம், தன்னார்வம் என்ற பெயரில் ஏமாற்றக் கூடாது. இல்லம் தேடிக் கல்வியிலும் குழந்தைத் தொழிலாளர் பள்ளிகளிலும் உழைத்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து முன்னுரிமை தர வேண்டும்.

இரண்டாவதாக, பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சமூகப்பணி மேல்படிப்புப் படிக்க முழு உபகாரச் சம்பளம் வேண்டும். கட்டணம் மட்டுமல்ல, விடுதியும் பஸ் சார்ஜும் மாதச் செலவும் அதில் அடங்க வேண்டும். அவர்களுடைய களப்பணி நகரத்துப் பெரிய ஸ்தாபனங்களில் மட்டுமல்லாமல், ஆயக்குடி போன்ற ஊர்ப் பள்ளிகளிலும் நடக்க வேண்டும்.

மூன்றாவதாக, விருது. மாவட்டந்தோறும், மாநில அளவிலும் பள்ளிச் சமூகப் பணியாளர்களுக்கு விருது ஏற்பட வேண்டும். ஆனால் அதை ஆபீசர்கள் மட்டும் கூடித் தேர்ந்தெடுக்கக் கூடாது. விண்ணப்பம் போட்டுப் பல்லைக் காட்டி வாங்கும் விருதாகவும் அது இருக்கக் கூடாது. எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார், திரும்பிய பிள்ளை அடுத்த வருஷமும் வகுப்பில் இருந்ததா என்று பெற்றோர்களைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்; பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவின் கூட்டத்துக்கு நாம் போகிறோமா? கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு சரி என்று இருக்கிறோமா? அடுத்த கூட்டத்துக்கு ஷிப்டு மாற்றிக்கொண்டாவது போங்கள். "சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி இந்தப் பள்ளிக்குச் சமூகப் பணியாளர் வேண்டும்" என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகல் கலெக்டருக்கும் முதன்மைக் கல்வி அதிகாரிக்கும் போகட்டும்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் உபகாரச் சம்பளம் தரும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். சங்க நிதியிலிருந்து, வருஷத்துக்கு ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளையையாவது இந்தப் படிப்புக்கு அனுப்ப முடியுமா என்று கமிட்டிகள் ஆலோசிக்கட்டும். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் பஸ் சார்ஜாவது தேறும். அந்தப் பிள்ளை படித்து வந்து நம் பள்ளியில் நிற்கும்போது, நமக்கு அது கொடுக்கும் பலம் சாமானியமானதல்ல.

தோழர்களே! வீடு வீடாக நடக்கும் ஒரு பெண்ணுக்கு வருஷத்தில் ஒரு நாள் பொன்னாடை போர்த்திவிட்டு, மற்ற 364 நாளும் பட்டினி போடுவதை நாம் மரியாதை என்று ஏற்க முடியாது. மாதம் பிறந்தால் சம்பளம், வயசானால் பென்ஷன், நோய் வந்தால் விடுப்பு, நல்ல வேலைக்குப் பாராட்டு: உழைக்கிற எவருக்கும் நாம் கேட்பதை அவருக்கும் கேட்கிறோம். அவருக்காகக் கேட்பது நம் பிள்ளைகளுக்காகக் கேட்பதுதான்.

மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தேதி கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். தீர்மானத்தோடு திரும்பி வாருங்கள். அதற்கு மேல் உள்ள வேலையைச் சேர்ந்து செய்வோம்.